எதிர்ச்சுவர்

எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில், மூன்று மாடி உயரத்துக்கு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேனரின் மேல்விளிம்பில் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி முடிச்சுகளை அவிழ்த்தாயிற்று. மீதியை அவிழ்ப்பதா வேண்டாமா என்பது தேர்தல் முடிவில் இருந்தது. அவர் தோற்றால் சாயங்காலத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ஜெயித்தால் அப்படியே இருக்கும். ஒருவன் ரேடியோவைக் காதோடு வைத்திருந்தான்.

எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான், என் கணவர், கொழுந்தன். மாநிலம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கட்சி கொஞ்ச நேரம் முன்னே போகும், கொஞ்ச நேரம் பின்னே வரும்.

"இந்தத் தடவ மண்ணக் கவ்வுறாரு பாருங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "அந்த மூஞ்சிய எதிர்ல வெச்சுக்கிட்டு உங்க ரெண்டு பேருக்கும் எப்படித்தான் சோறு எறங்குதோ. ஜன்னலுக்கு ஒரு திரையாவது வாங்கிப் போடக்கூடாதா?"

அவன் கேட்டதில் தப்பில்லை.

போன வருடம் அவருடைய கார்கள் போவதற்காகச் சாலையை மறித்தார்கள். மறித்த இடத்தில் ஓர் ஆம்புலன்ஸும் நின்றது. உள்ளே என் மகன். கார்கள் போய் முடிவதற்குள் அவனும் போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்த ஜன்னலை நாங்கள் மூடியதில்லை. மனதில் கறுவிக்கொண்டிருக்கிறோம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் கணவர் காலையில் பல் விளக்குவது அங்கே நின்றுதான். நான் துணி மடிப்பதும் அங்கேதான்.

வெளியே காற்று அடித்தது. பேனரின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு வந்து நெற்றியை மூடியது. இன்னும் கொஞ்சம் மடிந்தால் வாயையும் மூடிவிடும்.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் டிவியில் சொன்னார்கள். மீண்டும் அவரே முதல்வர். ஐந்தாவது முறை.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

டிவியில் அவர் மாடிக்கு வந்து கையசைத்துச் சிரித்தார். வரிசை பிசகாத கட்டுப்பல். எதிர்ச்சுவரில் இருந்தவருக்கு அப்படியில்லை. இடது பக்கம் மேலே ஒரு தெத்துப்பல், உதட்டின் மேல் லேசாக ஏறியிருக்கும்.

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை.

என் கணவருக்கு பேனர் அச்சடிக்கும் கடையில் படங்களைச் சரிசெய்யும் வேலை. போன தேர்தலின்போது கட்சிக்காரர்கள் ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் அவருக்கு வாய் குழிந்து, கன்னம் தொங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி ஆக்கிக் கொடு, உடனே வேண்டும் என்றார்கள். இல்லாத சிரிப்புக்கு இவர் எங்கே போவார்? கம்ப்யூட்டரில் எங்கள் மகன் படம் இருந்தது. அவன் வாயை வெட்டி அவர் முகத்தில் ஒட்டினார். பல்லை நேராக்குவதற்குள் மெஷினில் ஏற்றிவிட்டார்கள். மாநிலம் முழுக்க அதுவே போயிற்று. அதற்கப்புறம் எந்தப் பேனருக்கும் அந்தப் படம்தான்.

எதிரே பேனர் ஏறிய அன்று மகன் இதே ஜன்னலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என் பல்லுக்கு வாடக கேளுப்பா."

மேலே இருந்தவர்கள் முடிச்சுகளைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். மடிந்த மூலை மெல்ல மேலே போயிற்று. என் கணவர் அது இழுத்துக் கட்டப்படும்வரை நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"எவன்தான் அண்ணி இந்த ஆளுக்குப் போய் ஓட்டுப் போடுறான்?"

என் கணவர் மை வைத்த விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் என்னுடையதை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.