மஞ்சள் வீட்டு ஜன்னல்

"இடது பக்கம் பாருங்க. அந்த மஞ்சள் வீடு, மாடி ஜன்னல்." மைக்கில் குரலைத் தழதழக்க வைத்தார் சுற்றுலாப் படகின் வழிகாட்டி.

படகே இடது பக்கம் சாய்ந்தது. ஏரியைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர்கள் ஒருவரும் ஏரியைப் பார்க்கவில்லை.

"அந்தம்மா புருஷன் இந்த ஏரியில படகோட்டிட்டுப் போனவர், திரும்பவே இல்ல. இருபது வருஷமா தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே ஜன்னல்ல வந்து நிக்கிறாங்க."

சொல்லிக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினார். ஜன்னலில் நின்றவளும் கையசைத்தாள்.

"இருபது வருஷமா? ஆளுக்கு நாப்பதுகூட இருக்காது போலிருக்கே," என்றார் ஒரு பயணி.

"காத்திருக்கிறவங்களுக்கு வயசு ஏறாது சார்."

அந்தப் பயணியின் மனைவிக்கு அழுகை தாங்கவில்லை. கரை இறங்கியதும் மீன் கண்காட்சிக்கு வாங்கிய டிக்கெட்டைக் கணவர் கையில் திணித்துவிட்டு, நேராக மஞ்சள் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள்.

"இன்னும் எத்தனை நாள்தான் ஜன்னல்ல நிப்பீங்க? ஏரியில போன உங்க வீட்டுக்காரர் இனிமே வர மாட்டாரும்மா. மனசைத் தேத்திக்குங்க."

வீட்டுக்காரி விழித்தாள். "அஞ்சு மணிப் படகுல மைக் பிடிச்சுட்டு வர்றாரே, அவர்தாங்க என் வீட்டுக்காரர். எனக்குத்தான் கை காட்டுறாருன்னு தினமும் அடுப்பைக்கூட அணைச்சுட்டு ஓடி வந்து நிக்கிறேன்."

வந்தவள் தயங்கித் தயங்கி, படகில் கேட்ட கதையை முழுவதும் சொன்னாள்.

"உள்ள வாங்க, டீ குடிக்கலாம்." வீட்டுக்காரி கதவைத் தாழிட்டாள். "யாராவது தட்டினா திறக்க வேண்டாம். என் புருஷன்தான் இருபது வருஷமா வரலையே."