யாருடைய கை?

தாமுவே என்ற பகுதியின் சந்தையில் வாங்கிய ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணியை, தண்ணீர் சூடேறாமல் ஐஸ் வைத்து, மண்புழு கொடுத்து வளர்த்தாள் சமீனா. அதை விற்ற கடைக்காரர் பொன்னுத்துரை சொன்னாரென்று கூடவே விட்ட தங்கமீன், அதன் முன்காலைக் கடித்துத் தின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் கால் திரும்ப முளைத்தது. அந்த இனத்துக்கு அது வழக்கம்தான். ஆனால் நாலு விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. ஐந்திலும் நகம்.

வாளியோடு கடைக்கே போனாள்.

"என்னத்தண்ணே என் தலையில கட்டுனீங்க?"

அரிசி மில்லில் வலது கையை மணிக்கட்டோடு பறிகொடுத்தவர் அவர். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கட்டைவிரல் மச்சம் என்னோடதும்மா."

"உங்க கையை நான் ஏன் வளர்க்கணும்?" என்று கத்தினாள் சமீனா.

அவர் மொட்டைக் கையைத் தண்ணீருக்குள் விட்டார். குட்டி விரல்கள் அதை இறுகப் பற்றிக்கொண்டன.