தீப்பெட்டியில் வந்த விருந்தாளி

ரூம் கதவைத் தாழ்போட்டுவிட்டு, இருசப்பன் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அதற்குள் இருந்த மூட்டைப்பூச்சியைப் பத்திரமாகத் தலையணை மேல் இறக்கிவிட்டார். ஊரிலிருந்து பஸ் நெரிசலில் நசுங்காமல் கொண்டுவந்த பூச்சி. அது ஓரத்துக்கு ஓடப் பார்த்ததும், தலையணையோடு தூக்கிக்கொண்டு கௌண்டருக்கு நடந்தார்.

“தம்பி, இது ரூமா, மூட்டைப்பூச்சிப் பண்ணையா?”

திருவண்ணாமலை தேரடித் தெருவில் இருந்த அந்த லாட்ஜில் வாடகை கம்மி. அதனால் மூட்டைப்பூச்சிக்காக அங்கே யாரும் சண்டைக்கு நிற்பதில்லை. ஆனாலும் கௌண்டர் நாற்காலியில் இருந்த இளைஞன் சட்டென்று எழுந்து, தலையணையை வாங்கிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, வேறு ரூம் தருவதாகச் சொன்னான்.

பலகையில் தொங்கிய சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் சரியான சாவியைக் கண்டுபிடித்தான். அத்தனை நேரமும் இருசப்பன் அவன் காதுபட முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பையன் முகம் சுளிக்கவில்லை. இருசப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் வள்ளிக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை இந்த லாட்ஜுக்கு மேனேஜர், பெயர் சகாதேவன். ஜாதகம் பொருந்திவிட்டது, இனிமேல்தான் பெண் பார்க்க வரவேண்டும். அதற்கு முன்னால் பையன் எப்படிப்பட்டவன் என்று சத்தமில்லாமல் போய் விசாரித்துவிட்டு வருவது பெண்ணைப் பெற்ற எவரும் செய்கிற காரியம்தான்.

மற்றவர்கள் என்றால் குடிப்பானா, சீட்டாடுவானா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். இருசப்பனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. பையனுக்குப் பொறுமை உண்டா?

வள்ளி தங்கமான பெண். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். எடையில் ஏமாற்றப் பார்த்த வெங்காய வியாபாரியை விளக்குமாற்றோடு ஊர் எல்லை வரைக்கும் துரத்தியவள். ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் இந்தப் புகழைக் கேள்விப்பட்டே வந்த வழியில் திரும்பிவிட்டன. இதுவும் தட்டிப்போனால் மகள் காலமெல்லாம் தன் வீட்டிலேயே நின்றுவிடுவாளே என்ற கவலை அவரை அரித்தது. பூமாதேவி மாதிரி பொறுமையுள்ள ஒருத்தன் வாய்த்தால்தான் அவள் வாழ்க்கை நிலைக்கும்.

ஆகவே இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றே வந்திருந்தார். பெயரைக் கேட்டால் சந்தேகம் வந்துவிடும் என்று அதைக்கூடக் கேட்கவில்லை. லாட்ஜ் கௌண்டரில் மேனேஜரைத் தவிர வேறு யார் உட்காரப் போகிறார்கள்?

டிரான்சிஸ்டரில் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தலைவலிக்கிறது, நிறுத்து என்றார். நிறுத்தியதும், இழவு வீடு மாதிரி இருக்கிறதே, போடு என்றார். வெந்நீர் கேட்டார். வந்ததும், தோலை உரிக்கப் பார்க்கிறாயா என்றார். விளாவிக் கொடுத்ததும், இதில் எருமைகூடக் குளிக்காது என்றார்.

கோபுரம் தெரிகிற ரூம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். கொஞ்ச நேரத்தில், கோபுரத்துப் புறாவெல்லாம் தன்னையே முறைக்கிறது என்று அதையும் திருப்பிக் கொடுத்தார். பையன் ஒவ்வொரு தடவையும் அவருடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினான், இறங்கினான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி அஸ்திரத்தை எடுத்தார். தங்க வந்தவர்கள் நாலு பேர் கௌண்டரில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டு, மேஜையைத் தட்டினார்.

“உன்னையெல்லாம் எவன்யா இங்க உக்கார வச்சான்?”

மானமுள்ள எவனும் சட்டையைப் பிடித்திருப்பான். பையன் சிரித்தான்.

“நானும் காலையிலேர்ந்து அதைத்தாங்க யோசிச்சிக்கினு இருக்கேன்.”

இருசப்பன் உருகிப்போனார். இப்படி ஒரு பிள்ளையையா இத்தனை பாடு படுத்தினோம் என்று கண் கலங்கிவிட்டது. வள்ளி விளக்குமாறு என்ன, உலக்கையையே தூக்கினாலும் இவன் சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வைத்துவிடுவான்.

நின்றவர்கள் போனதும் பையனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மூட்டைப்பூச்சி தன் வீட்டுப் பூச்சி என்பதில் ஆரம்பித்து, காலையிலிருந்து செய்த அழிச்சாட்டியம் அத்தனையையும் ஒப்புக்கொண்டார். இதற்குள் ‘தம்பி’ போய் மரியாதை வந்திருந்தது.

“நான் கடலாடி இருசப்பன், வள்ளியோட அப்பா. உங்களை விட்டா என் பொண்ணுக்கு வேற மாப்ள கிடையாதுங்க.”

பையனின் சிரிப்பு நின்றுவிட்டது. கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்தான்.

தன் பெயர் முருகையன் என்றான். சோப்புக் கம்பெனிக்குக் கடை கடையாக ஆர்டர் எடுக்கிறவன், மாசா மாசம் இங்கேதான் தங்குகிறவன். கடைக்காரர்களிடம் பேச்சு வாங்கி வாங்கிப் பழக்கம், அதனால் எதுவும் உறைப்பதில்லை. மேனேஜர் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் வரைக்கும் கௌண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போனாராம்.

அப்படியானால் சகாதேவன் எங்கே போயிருக்கிறார் என்று கேட்டார் இருசப்பன்.

முருகையன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“பொண்ணுக்குப் பொறுமை இருக்கான்னு சோதிச்சுப் பாக்க, உங்க வீட்டுக்குத்தாங்க போயிருக்காரு.”