மாமனாரின் துப்பாக்கிப் பெட்டி

“துப்பாக்கிப் பெட்டிய மத்த பெட்டிங்களோட பெல்ட்டுல சுத்த விடமாட்டோம் சார். அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க” என்றாள் மான்டானாவின் மிசூலா விமான நிலையத்துப் பெண்.

ஆர்வில் ஹாகன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற கர்ட்டிஸ் அந்தக் கையெழுத்தையே பயத்தோடு பார்த்தான். நாளைக் காலை பதினோரு மணிக்கு அவனுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் மினசோட்டாவிலிருந்து துப்பாக்கியோடு வந்து இறங்கியிருக்கிறார்.

சுட்டுவிடுவார் என்ற பயமெல்லாம் இல்லை. இது வேறு பயம். ஆறு மாதத்துக்கு முன்பு முதன்முதலாகப் போனில் பேசியபோது, “மான்டானாக்காரன் ஆச்சே, வேட்டைக்கெல்லாம் போவியா தம்பி?” என்று பேச்சுக்குத்தான் கேட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா இவன்? “வருஷா வருஷம் போவேன் சார்” என்று அளந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் சுட்ட எல்க் மானின் கொம்பைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பியும் வைத்தான். பியானோவுக்குச் சுருதி கூட்டுகிற பிழைப்பு அவனுடையது. பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆள்.

“சபாஷ். எங்கிட்டயும் ஒரு துப்பாக்கி இருக்கு” என்றார் அவர் அப்போது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஓட்டப்பந்தயம் பழக்கி ஓய்வு பெற்ற மனிதர், பேச்சில் அந்தக் கறார் இன்னும் போகவில்லை. “ஆனா ஒண்ணு தம்பி. பொய் சொல்றவனுக்கு மட்டும் எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன்.”

பெட்டி வந்தது. கறுப்பு நிறத்தில், சவப்பெட்டிக்குத் தம்பி மாதிரி, இரண்டு பூட்டுகளோடு இருந்தது. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. அதே நேரம் கர்ட்டிஸின் போன் அடித்தது. கல்யாணப் பெண் ஹெய்டி.

“பெட்டி வந்துடுச்சா?”

“அப்பா வந்துட்டாரான்னு கேக்க மாட்டியா?”

“அப்பா எங்கே காணாமப் போயிடப் போறார்? பெட்டியைச் சொல்லு. நீ அதைத் தொறந்து கிறந்து பாத்துடாதே, ஆமா.”

ஆக, மகளும் கூட்டு. கல்யாணப் பரிசாக மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டை. கர்ட்டிஸுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பெட்டியைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு வண்டியை எடுத்தான். ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டைகளோடு இரண்டு வண்டிகள் அவர்களைத் தாண்டிப் போயின.

“எல்க் சீசன் ஆரம்பிச்சிடுச்சு போல இருக்கே. நீ இன்னும் போகலையா தம்பி?”

“கல்யாண வேலை சார்.” கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டான். “குண்டும் கொண்டு வந்திருக்கீங்களா?”

“குண்டா? அது எதுக்கு?”

இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். இங்கேதான் மளிகைக் கடையிலேயே கிடைக்குமே. விடியற்காலையில் இவனைக் காட்டுக்குக் கூட்டிப்போய், கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சுடு என்பார். இவன் காதைப் பொத்துவான். அதோடு ஹெய்டி போய்விடுவாள்.

ஹெய்டி இல்லாமல் அவனால் முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“சார், அந்த போட்டோ பொய். அந்த மானை நான் சுடலை. இதுவரைக்கும் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. நீங்க எங்கே வேணாம்னுடுவீங்களோன்னு பயந்து உளறிட்டேன். என்ன வேணா திட்டுங்க. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க.”

ஆர்வில் திரும்பிப் பின்சீட்டுப் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

“அப்போ என் துப்பாக்கியைப் பார்த்துதான் இப்படி வேர்த்து வழியறியா?”

“ஆமா சார். நாளைக்கு வேட்டைக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு…”

அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “நான் முயலைக்கூடச் சுட்டதில்லைடா. இரு, காட்டறேன்” என்று சிரித்த சிரிப்பிலேயே பின்பக்கம் திரும்பி, பூட்டுகளைத் திறந்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. ஓட்டப்பந்தயம் தொடங்கும்போது சுடுகிற வெறும் சத்தத் துப்பாக்கி. அதற்கு அடியில் பெட்டி நிறைய வெள்ளைப் பட்டு, முத்து வைத்த சட்டைக் கை, மடித்து வைத்த சரிகை வலை.

“ஐயையோ” என்று படாரென்று மூடினார் ஆர்வில். கர்ட்டிஸ் பார்த்தாகிவிட்டது.

“கல்யாண கவுனா சார்?”

“ஹெய்டியோட அம்மா போட்டுக்கிட்டது, நாளைக்கு அவ போட்டுக்கப் போறா. போன தடவை இந்த விமானக்காரங்க என் பெட்டியை எங்கேயோ அனுப்பிட்டு, மூணு வாரம் கழிச்சுக் குடுத்தாங்க. துப்பாக்கி இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா மட்டும் கண்ணும் கருத்துமா கொண்டுவந்து கையில தர்றாங்க. பொம்மை மாதிரி இருந்தாலும் சட்டப்படி இதுவும் துப்பாக்கிதான்.”

கர்ட்டிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுபடி ஹெய்டியின் போன் அடித்தது. இப்போது ஆர்வில் முகத்தில்தான் வேர்வை.

“கல்யாணத்துக்கு முன்னாடி நீ கவுனைப் பார்த்தது தெரிஞ்சா, அபசகுனம்னு கல்யாணத்தையே தள்ளிப் போட்டுடுவா அவ” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பார்க்கவே இல்லைன்னு சொல்லிடு. உனக்குத்தான் பொய் நல்லா வருமே, மாப்ள.”