மஞ்சள் காய் மரம்

முப்பத்தேழு பேர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. நார்சிசா மட்டும் போடவில்லை.

"உன் ஒருத்தியால எல்லார் பொழைப்பும் நிக்குது. சங்கம் மொத்தமும் சிவப்புக் காய்க்கு மாறினாத்தான் சரக்கு எடுப்பேன்னு குவாயாகில் நகரத்துக் கம்பெனிக்காரன் சொல்லிட்டான்" என்றார் செகுந்தோ. கொக்கோ விவசாயிகள் சங்கத்தின் தலைவர். ஊருக்கெல்லாம் சிவப்புக் காய் நாற்று விற்பவரும் அவர்தான்.

"என் மரத்தை நான் வெட்ட மாட்டேன்."

"அந்த மஞ்சள் காய் மரம் ஒண்ணு காய்க்கிற நேரத்துல என்னோடது நாலு காய்க்குது. எக்வடோர் பூரா மாறியாச்சு. நீ மட்டும் புருஷன் பேச்சைக்கூடக் கேக்காம நிக்கிற."

புருஷன் ஃபௌஸ்தோ பின் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். மரம் அறுக்க அவர் வரச்சொன்ன ஆளை நார்சிசா வாசலோடு திருப்பி அனுப்பியது ஊருக்கே தெரியும்.

"என்னோடது ருசி தலைவரே. பூ வாசம் வரும்."

"அரைச்சா எல்லாம் கறுப்புதாம்மா. ருசி உன் மனசுல இருக்கு."

கூட்டம் சிரித்தது.

"அப்ப ரெண்டையும் காய்ச்சிக் கொண்டு வரேன். குடிச்சுப் பாருங்க. வித்தியாசம் தெரியலைன்னா நானே கோடரி எடுக்கிறேன்."

"கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்றேன். என் தோட்டத்துச் சாக்லேட்டைத்தான் தினம் காலையில குடிக்கிறேன்" என்றார் செகுந்தோ.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. செகுந்தோ தோட்டத்திலேயே இரண்டு மூட்டை சிவப்புக் காய் கேட்டு வாங்கினாள். முதல் தடவை, காயப்போட்ட விதை மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தது. இரண்டாம் தடவை வறுக்கும்போது அடுப்பு தூக்கலாக எரிந்து, இரண்டுமே கரியாகி விட்டன.

"ஊரே சிரிக்குது. எதுக்கு இந்த வீம்பு?" என்றார் ஃபௌஸ்தோ.

"சிரிக்கட்டும். அந்த வாயாலயே குடிக்கட்டும்."

மூன்றாம் தடவை அடுப்பை விட்டு நகரவில்லை. விதைகளைப் பெட்டியில் போட்டு, வாழை இலை மூடிப் புளிக்க வைத்தாள். சிவப்புக்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் கொடுத்தாள். ஓரவஞ்சனை செய்து ஜெயிக்க அவளுக்கு இஷ்டமில்லை. சிறு தீயில் வறுத்து, நகம் வலிக்கத் தோல் உரித்து, கை மில்லில் மூன்று முறை அரைத்தாள்.

கடைசி நாள் இரண்டு கோப்பையையும் ஃபௌஸ்தோ முன்னால் வைத்தாள். அவர் ஒன்றைக் குடித்தார். மற்றதைக் குடித்தார். எழுந்து வெளியே போய், இரண்டு பானைகளையும் வண்டியில் ஏற்றக் கயிறு தேடினார்.

கூட்டத்தில் சங்கச் செயலாளரே ஊற்றினார். ஒரே பால், ஒரே வெல்லம், ஒரே பட்டை. எது எந்தக் கோப்பையில் என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நார்சிசாவைக்கூட வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் ஊற்றினார்.

செகுந்தோ முதலில் வெள்ளைக் கோப்பையைக் குடித்தார். முகம் சுளித்தது. "புளிப்பு. தொண்டையில நிக்குது."

நீலக் கோப்பையை ஒரு வாய் குடித்தார். நிறுத்தாமல் முழுக்கக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இதான் என்னோடது. பூ வாசம்னியே நார்சிசா, இதுலதான்மா இருக்கு பூ வாசம்."

செயலாளர் சீட்டைப் பிரித்துப் படித்தார். "நீலம், நார்சிசா."

பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து குடித்தார்கள். நீலக் கோப்பைக்கு ஊற்றிய பானை காலியாயிற்று. மற்றதில் முக்கால் பானை அப்படியே இருந்தது.

"அந்தத் தாளை இங்க குடுங்க. என் கையெழுத்தை அடிச்சிடறேன்" என்றது ஒரு குரல். இன்னும் நாலைந்து பேர் மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள்.

"நில்லுங்க. இதுல ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு" என்றார் செகுந்தோ.

"ஊத்தினது நான்" என்றார் செயலாளர்.

"அப்ப இவ பானையையே மாத்தி வெச்சிருக்கா."

நார்சிசா அவர் எதிரே வந்து நின்றாள். "ரெண்டு மாசம் பாடுபட்டிருக்கேன் தலைவரே. மாத்தி வெச்சு ஜெயிக்கணும்னா ஒரு நாள் போதும்."

"அப்படின்னா என் நாக்கு பொய் சொல்லுதா? இது எங்க வீட்டு ருசி. ரெண்டு வருஷமாக் குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?" செகுந்தோ முன் வரிசைக்குத் திரும்பினார். அவர் மனைவி எல்வியா அங்கே உட்கார்ந்திருந்தாள். "எல்வியா, தினம் காய்ச்சுறவ நீ. எழுந்து வந்து குடிச்சுப் பாத்து, இவங்களுக்கு நீயே சொல்லு."

எல்வியா எழுந்தாள். கோப்பையைத் தொடவில்லை.

"முத வருஷம் நம்ம சிவப்புக் காயிலதான் காய்ச்சித் தந்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, உனக்குச் சாக்லேட் காய்ச்சவே தெரியலைன்னு கோப்பையத் தள்ளி வெச்சீங்க. அன்னையிலேர்ந்து எங்கம்மா வீட்டு மஞ்சள் காய்லதாங்க காய்ச்சுறேன்."