நாக்கு வறண்ட அண்ணன்

"டாக்டரம்மா, அந்தக் கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். கேட்டா நீங்க திட்டுவீங்க."

"முதல்ல உக்காருங்க."

டாக்ஸி டிரைவர் உட்காரவில்லை. காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திட்டு வாங்கப் போகிறவர் முகமா அது? வாயெல்லாம் பல்.

அவருக்கும் தங்கைக்கும் அப்பா வழியில் வந்த நரம்புத் தேய்மானம். காலிலிருந்து செருப்பு கழன்று போனாலும் தெரியாது. பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று தெரியாமல் போன அன்று அவர் வண்டி ஓட்டுவதை விட்டார். கைக்குழந்தையோடு படியில் விழுந்த நாள்முதல் தங்கை பெற்ற பிள்ளையைத் தூக்குவதே இல்லை.

வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் ஒரு பழைய மாத்திரை இந்தத் தேய்மானத்தை நிறுத்துமா என்று ஒரு வருஷமாக இங்கே ஆராய்ச்சி. அண்ணன் தங்கை இருவரும் அதில் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது அந்தக் கவருக்குள்தான் இருந்தது. டாக்டருக்கே தெரியாது.

"இன்னிக்கு என் தங்கச்சி குழந்தையைத் தூக்கிட்டு மாடி ஏறினா, டாக்டரம்மா. என் கண்ணால பாத்தேன்."

"நல்ல விஷயம்தானே? இதுக்கு எதுக்குத் திட்டப் போறேன்?"

"முதல் வாரமே எனக்கு நாக்கு வறண்டுச்சு. அசல்னா வறளும்னு நீங்கதான் சொன்னீங்க. அவளுக்கு ஒண்ணுமே இல்ல. பாவம், மாவு மாட்டிக்கிச்சுன்னு புரிஞ்சு போச்சு. அப்போலேருந்து மாசா மாசம் அவளுக்குத் தெரியாம என் மாத்திரையை அவ டப்பாவில கொட்டிட்டு, அவளோடதை நான் எடுத்துக்கிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் உங்களுக்கு வறட்சி நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? வேலை இல்லாம வாய் ஓயாம பேசிட்டே இருக்கேன்ல, அதான். காலு கூட தேறின மாதிரி இருக்கு. மாவைத் தின்னுட்டு என்ன ஒரு நெனப்பு பாருங்க." சிரித்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளுக்கு மட்டும் மருந்தை நிறுத்திடாதீங்க."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு விதி வெச்சிருக்கோம். ஒரே வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்தா, ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான்."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் தங்கை மாடி ஏறியது வெறும் நம்பிக்கையிலா? நாளைக்குக் குழந்தையோடு மறுபடி விழுந்து வைத்தால்? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டுமே மாவா, டாக்டரம்மா?"

டாக்டர் கவரைக் கிழித்தார். படித்தார். நம்பாமல் இன்னொரு தரம் படித்தார். காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"ஒரு வருஷமா நீங்க அசலைக் கொடுத்துட்டு, அசலைத்தான் வாங்கித் தின்னிருக்கீங்க."