நடுநிலைக் கப்பல்

போர் மூன்றாம் மாதத்தைத் தொட்டிருந்தது. நடுநிலை நாட்டின் கடல் கடந்த வாணிபம் மட்டும் அமோகமாக நடந்தது.

கடல் என்றது மொன்றியலைச் சுற்றி ஓடும் ஆற்றை. நடுநிலை நாடு, இரண்டு வீட்டுக்கும் வேண்டியவரான மரியதாசன். கப்பல், அவருடைய பழைய கார். கர்க்லாண்டில் இருக்கும் அக்னெசும் புரோசார்ட்டில் இருக்கும் அவளுடைய அண்ணன் மனைவி கிறேசும், தேவாலயத்தில் ஒரு பிள்ளையின் முதல்நன்மை விழாவில் கேக் வெட்டும் படத்தில் யார் முன்னுக்கு நிற்பது என்று பிடுங்குப்பட்டு, முகத்தில் முழிப்பதையே விட்டிருந்தார்கள்.

அவள் ஏசுவதை இவளிடமும் இவள் ஏசுவதை அவளிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மரியதாசன். இரண்டு பக்கமும் அவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மனைவி இறந்தபிறகு யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் "எனக்கென்ன சமைக்கத் தெரியாதோ?" என்று பாணும் ஜாமுமாகக் கிடந்த மானஸ்தன் அவர். ஆனால் இது தூதுக்கூலி, தாராளமாக வாங்கலாம்.

அதிலும் பாருங்கள், எதிரிகள் இருவரும் ஒரே நாளில் ஒரே கறியை வைத்ததே இல்லை. நடுநிலைக்காரருக்கு அப்படியொரு அதிர்ஷ்டம்.

அன்று அக்னெஸ் வாசலிலேயே குண்டைத் தூக்கிப் போட்டாள். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச பங்குச் சுவாமி எங்கள் ரெண்டு பேரையும் வரச்சொன்னவர். போகட்டோ?"

மரியதாசனின் முகம் செத்துவிட்டது. சமாதானம் வந்தால் தூதுவனுக்கு என்ன வேலை? திரும்பவும் பாண், திரும்பவும் ஆளில்லாத வீடு. நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"போறதெண்டால் போங்கோ தங்கச்சி. ஆனா நீங்கள் பொரிக்கிற றோல்சைக் கல்லு மாதிரி எண்டு கிறேஸ் சொன்னவ. எனக்கேன் வம்பு, நான் நடுநிலை."

"அப்பிடியோ சொன்னவ? அப்ப சமாதானமும் இல்லை, ஒண்டும் இல்லை! என்ர வீட்டுப் படி மிதிக்கக் கூடாதெண்டு இப்பவே போய்ச் சொல்லுங்கோ!" சூடான இடியப்பப் பொதி ஒன்றை அவர் கையில் திணித்தாள்.

உலகம் போகிற போக்கை நினைத்துப் பெருமூச்சு விட்ட மரியதாசன், விசிலடித்தபடி காரை எடுத்தார்.

கார் தெருமுனை திரும்பும்வரை அக்னெஸ் ஜன்னலில் நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"மச்சாள், சமாதானம் எண்டதும் மனுசன் பயந்துபோனார், பாவம். இடியப்பம் குடுத்திட்டன், நீங்கள் என்னை நல்லா ஏசிப்போட்டுக் கறியைக் கட்டிவிடுங்கோ!"